மூச்சு விடாத பை

5 நவம்பர் 2017, ஞாயிறு. ஒரத்தநாடு

இன்னும் எண்பத்திரண்டு நாள் இருக்கிறது. மாதா கோயிலில் பூசை முழுக்க உட்கார்ந்து இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சாமியார் எதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

ஜனவரி 26 விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிள் போட்டிக்குத் தரங்கம்பாடிக் கடற்கரையில் கிளம்ப வேண்டும். காவிரியை ஒட்டியே மேட்டூர் அணை வரை போய், திரும்பி அதே கடற்கரைக்கு வர வேண்டும். அறுநூற்றைம்பது கிலோமீட்டர், அறுபது மணி நேரம். கூட வண்டி வரக்கூடாது. தெரிந்தவர் வீட்டில் படுக்கக்கூடாது. சோறு, துணி, பஞ்சர் சாமான், படுக்கை எல்லாம் அவரவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்பத்து நாலு வயதில், அரசாங்கக் கால்நடை மருத்துவர் ஒருத்திக்கு இது தேவையா? தேவைதான்.

சென்ற வருடம் முப்பத்தோரு பேர் கிளம்பினோம். பெண் நான் ஒருத்தி. முதல் நாள் ராத்திரி ஆண்கள் எல்லாம் கடை வாசல், கோயில் மண்டபம், ஏ.டி.எம். என்று கிடைத்த இடத்தில் சாய்ந்துவிட்டார்கள். நான் பவானிப் பக்கம் மூன்று லாட்ஜில் ஏறி இறங்கினேன். “தனியா வர்ற லேடீசுக்கு ரூம் தர்றதில்லைங்க.” மூன்றாவது ஆளிடம் டாக்டர் என்று சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். மாட்டு டாக்டர் என்றதும் அவனுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. பஸ் நிலையத்தில் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கரூர் தாண்டி ஓட்டிக்கொண்டே தூங்கி, வாய்க்காலுக்குள் விழுந்தேன். அதோடு சரி.

இந்த வருடம் எவனிடமும் ரூம் கேட்பதாக இல்லை. வெட்டவெளியில் படுக்கிற பை வாங்கப் போகிறேன். கூடாரம் மாதிரி கம்பி, கயிறு எதுவும் இல்லாத, உடம்பு மட்டும் நுழைகிற பை. மழையும் பனியும் உள்ளே வராது. சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். படத்தை எங்கள் மருந்தக உதவியாளர் ரெத்தினம் அண்ணனிடம் காட்டினேன்.

“போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு குடுக்கிற பை மாதிரி இருக்கே டாக்டரம்மா” என்றார்.

8 நவம்பர், புதன்

குவைத்திலிருந்து வீட்டுக்காரர் போன். அவர் கேட்பார் என்று தெரியும், கேட்டார்.

“இந்த வருஷமும் போறியா ஜோதி?”

“போறேங்க.”

“எங்க படுப்ப?”

“பைக்குள்ள.”

அப்புறம் பழைய பல்லவி. மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போய்விட்டாள், வீட்டில் தனியாக இருந்து என்ன செய்கிறாய், ஃபேமிலி விசா எடுக்கும் சம்பளம் இப்போதுதான் வந்திருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வா. பதினோரு வருடமாக ஜோசப்ராஜ் அங்கே, நான் இங்கே. அவர் சொல்வதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல்.

கடைசியில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “இந்தத் தடவையும் முடிக்கலைன்னா ஏப்ரல்ல வேலைய விட்டுட்டு வந்துர்றேன். முடிச்சேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி” என்றார். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நம்பிக்கை என் காலின் மேல்!

9 நவம்பர்

நேற்று நான் பேசியதை இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தேன். லூசா நான்?

19 நவம்பர், ஞாயிறு

பைகளைப் பற்றி நெட்டில் படித்துப் படித்துக் கண் வீங்கிவிட்டது. எழுதுகிறவன் எல்லாம் வெள்ளைக்காரன். ஒருவன் மலை உச்சியில் நாலு டிகிரி குளிரில் படுத்து நட்சத்திரம் பார்க்கிறான். இன்னொருவனை ஆடு நக்கி எழுப்பியதாம், அதற்காகப் பைக்கு ஒரு மார்க் குறைத்திருக்கிறான். தஞ்சாவூர் ஜில்லாவில் தை மாதப் பனியில், கொசுவுக்கு நடுவே, பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கும்போது இது எப்படி இருக்கும் என்று ஒருத்தனும் எழுதவில்லை.

எல்லாரும் ஒரே விஷயத்தில் அடித்துக்கொள்கிறார்கள். துணி மூச்சு விட வேண்டுமாம். மூச்சு விடுகிற துணி என்றால் கனமும் கூட, விலையும் கூட. எனக்கு ஒன்று புரியவில்லை. மூச்சு விடப்போவது நான். துணி எதற்கு விட வேண்டும்? தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதாதா?

3 டிசம்பர், ஞாயிறு

நாகூர் போய் ஹலீமாவைப் பார்த்தேன். என் சைக்கிளில் தொங்குகிற பைகள் எல்லாம் அவள் தைத்தவை. ஸ்கூட்டர் உறை, மழைக்கோட்டு, சீட்டு உறை என்று வருகிற எதையும் தைப்பாள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்னக்கா இருக்கு? பெரிய தலையணை உறை. ஒரு பக்கம் திறந்து விட்டு நாடா போட்டா முடிஞ்சுச்சு.”

மழைக்கோட்டுத் துணியில் மெல்லிசாக ஒன்று வைத்திருந்தாள். உள்பக்கம் ரப்பர் பூச்சு. பாசிப்பச்சை நிறம். நெல்லுக்குப் போடுகிற படுதா நிறம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு அந்த நிறம்தான் பிடித்தது. ரோட்டோரத்தில் கிடந்தால் எவன் கண்ணிலும் படாது. சொன்னேன்.

ஹலீமா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தாள். “ஊர்ல எல்லாரும் கண்ணுல படணும்னு தைக்கச் சொல்லுவாங்க. நீ ஒருத்திதான் படக் கூடாதுங்கிற.”

படுக்க வைத்து அளவெடுத்தாள். கடைக்கு வந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

17 டிசம்பர், ஞாயிறு

வினை. குவைத்திலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். பேரீச்சம்பழம், தைலம், மகளுக்கு சென்ட். அடியில் ஒரு பை. அதே பை! வெளிநாட்டுச் சரக்கு, மூச்சு விடுகிற துணி. மனுஷன் என்னிடம் சொல்லாமல் படித்து, விசாரித்து, கடை கடையாகத் தேடி வாங்கியிருக்கிறார்.

நிறம் ஆரஞ்சு. சாதாரண ஆரஞ்சு இல்லை, மேட்டூரிலிருந்து பார்த்தால் தரங்கம்பாடியில் தெரியும். நடுவே பளபளவென்று ஒரு பட்டை வேறு.

போன் செய்து கத்தினேன். “இதுக்குள்ள படுத்தா ஊரே திரண்டு வந்து பார்க்குமே!”

“பார்க்கட்டும்ங்கிறேன். லாரிக்காரன் கண்ணுக்கும் தெரியணும்ல? எவனாவது ஏத்திட்டுப் போயிட்டா?”

“லாரிக்கு நான் பயப்படலைங்க.”

எதற்குப் பயப்படுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

18 டிசம்பர்

மாட்டுத் தீவனத் தராசில் நிறுத்தேன். ஆரஞ்சு 480 கிராம். ஹலீமா தைத்தது 290.

7 ஜனவரி 2018, ஞாயிறு

மொட்டை மாடியில் சோதனை. பச்சைப் பைக்குள் படுத்து நாடாவை இழுத்துக்கொண்டேன். ரெத்தினம் அண்ணன் குடம் குடமாக மேலே தண்ணீர் ஊற்றினார். நாலாவது குடத்தில் எதிர்வீட்டு மாடியில் ஆள் கூடிவிட்டது. பேய் ஓட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஐந்து குடம், பத்து நிமிடம். வெளியே வந்து உள்ளே கையை விட்டுத் துழாவினேன். ஒரு சொட்டு இல்லை.

இங்கே படுதா வாங்குகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள். மேலே தண்ணீர் ஊற்று, கீழே தடவிப் பார், காய்ந்திருந்தால் காசைக் கொடு.

“காத்துப் போக்கு இல்லையே டாக்டரம்மா?” என்றார் ரெத்தினம் அண்ணன்.

“அண்ணே, பத்து நிமிஷம் உள்ள இருந்தேன். செத்தா போயிட்டேன்?”

ஆரஞ்சை பீரோவில் வைத்துவிட்டேன். 190 கிராம் மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் கால் கிலோ அல்வா தின்றேன்.

21 ஜனவரி, ஞாயிறு

நேற்று பஸ் கட்டணம் ஏறியிருக்கிறது. பயிற்சிக்குப் போன வழியெல்லாம், “டிக்கெட்டு கட்டுப்படியாகலையா டாக்டரம்மா?” என்று பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

25 ஜனவரி, வியாழன். தரங்கம்பாடி

விடுதி அறை. போட்டிக்காரர்கள் பெயரில் மொத்தமாகப் போட்டதால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். இந்த வருடமும் பெண் நான் ஒருத்திதான். ஜன்னல் வழியே கடற்கரைக் கோட்டை தெரிகிறது.

27 ஜனவரி, சனி. காலை 6.10, பவானி

எழுத்து கோணுகிறது. அணை தொட்டாயிற்று. ராத்திரி தூங்கவில்லை. பஸ் நிற்கிற கொட்டகை ஒன்றில் பையை விரித்தேன். எதிர்ச்சாரியில் ஒருத்தன் பீடியோடு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். என்னைப் பார்த்தானா, சும்மா நின்றானா? தெரியவில்லை. பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அட போடா.

27 ஜனவரி, மாலை, திருச்சிக்கு முன்னால்

சாலை இரண்டாகத் தெரிகிறது. சென்ற வருடம் விழுந்த வாய்க்காலைத் தாண்டியாயிற்று. அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். இன்று ராத்திரி படுக்காவிட்டால் நேரே குவைத்துதான்.

30 ஜனவரி, செவ்வாய். ஒரத்தநாடு

இரண்டு நாள் தூங்கி எழுந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி திருக்காட்டுப்பள்ளி தாண்டியபோது மணி இரண்டு. பேய்ப் பனி. சாலையோரம் ஒரு நெல் கொள்முதல் நிலையம். எடை போட முறை வராத நெல் களம் முழுக்கக் குவியலாகவும் மூட்டையாகவும் படுதாவுக்குள் கிடந்தது. நாலைந்து பெண்கள் அவரவர் நெல்லுக்குப் பக்கத்தில் காவல் படுத்திருந்தார்கள். தலை வரை போர்த்திக்கொண்டு, வானத்துக்குக் கீழே. எந்த ஊர், கூட யார் வந்திருக்கிறது என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் நாளிலிருந்து நான் தேடிய இடம் இதுதான்.

கூச்சத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் படுக்கவில்லை. மூட்டை அடுக்குக்கு ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்து, பச்சைப் பைக்குள் நுழைந்து, கொசுவுக்காகத் தலைக்கு மேல் நாடாவை இழுத்து, கொஞ்சூண்டு இடுக்கு மட்டும் விட்டேன். போனில் நாலு மணிக்கு அலாரம். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். எந்தச் சத்தமும் காதில் விழவில்லை. கல்யாணமானதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது கெண்டைக்காலில் சுருக்கென்று ஒரு குத்து.

நான் போட்ட கூச்சலில் களத்திலிருந்த காக்காய் எல்லாம் பறந்தது. என்னைவிடப் பெரிய கூச்சல் வெளியே கேட்டது. நாடாவை அவிழ்த்துத் தலையை நீட்டினால், எதிரே ஒரு சுமை தூக்கும் ஆள் குத்தூசியோடு மல்லாந்து கிடக்கிறார். மூட்டையில் குத்திச் சோதனைக்கு நெல் எடுக்கிற இரும்பு ஊசி. படுதா மூடிய மூட்டை என்று நினைத்து என்னைக் குத்தி நெல் எடுக்கப் பார்த்திருக்கிறார்!

“மூட்டைக்குள்ள பொம்பளை இருக்குடா!” என்று அவர் கத்த, களமே ஓடி வந்தது.

வெளியே வந்தேன். தொப்பலாக நனைந்திருந்தேன். பனி ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. எல்லாம் என்னுடைய மூச்சு, என்னுடைய வியர்வை. போக வழியில்லாமல் ரப்பர் பூச்சில் முத்து முத்தாகக் கோத்து என் மேலேயே கொட்டியிருக்கிறது. கன்றுக்குட்டிக்குக் குளிரென்றால் சாக்கைப் போர்த்துங்கள், பிளாஸ்டிக்கைச் சுற்றாதீர்கள் என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். நெல்லை மூட்டம் போட்டு மூடினால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி முளைத்துவிடும் என்று இந்த ஜில்லாவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பை என்று வந்ததும் மேலே விழுகிற தண்ணீர் மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

போன் குளித்துச் செத்துக் கிடந்தது. அலாரம் அடிக்கவே இல்லை.

“மணி என்னங்க?” என்றேன்.

“எட்டே முக்கா” என்றார் குத்தியவர். பக்கிரி என்று பேர். இன்னும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஈரம் ரொம்ப இருக்கும்மா. உன்ன எடுக்க மாட்டாங்க, காய வச்சுதான் கொண்டாரணும்” என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் வலி அப்புறம்தான் தெரிந்தது. சின்னக் காயம்தான், மருந்து வைத்துக் கட்டினேன். ஊசி போடுகிறவளுக்கு ஊசி.

ஆறு நாளாக நெல்லோடு கிடந்த நீலாம்பாள் என்கிற அம்மா தூக்குவாளியிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தால் வெளி உதவியாகுமா என்று ஒரு கணம் யோசித்தேன். நீக்கினால் நீக்கட்டும் என்று குடித்தேன்.

“யாருடியம்மா நீ, எங்க போற?”

“தரங்கம்பாடிங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள போவணும்.”

“அதுக்கு ஏன் சாக்குல படுத்துக் கெடக்குற? எங்க பக்கத்துல வந்து படுக்கறதுதானே. பாயி இருந்துச்சே.”

பையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், ஏழேகால் மணி நேரம், எதிர்க்காற்று. ஆனால் தூங்கி எழுந்த கால் வேறு கால். கும்பகோணத்தில் இறங்காமலே வாழைப்பழம் வாங்கினேன். மாயவரம் தாண்டியதும் காற்று முகத்திலேயே அறைந்தது. வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே மிதித்தேன். பரிசுத்த ஞாயிறன்று பூசைக்கும் போகாமல் நான் பேசிய பேச்சுக்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கோட்டை வாசலில் கையெழுத்துப் போட்டபோது 3.46. பதினாலு நிமிடம் மீதம். பட்டி ஆடுகள் மாதிரி வரிசையாகப் படுத்துக் கிடந்த ஆண்கள் எழுந்து கைதட்டினார்கள். உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவர்கள்.

31 ஜனவரி

நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. ஆரஞ்சுப் பையில் படுத்திருந்தால் நனைந்திருக்க மாட்டேன், போன் பிழைத்திருக்கும், நாலு மணிக்கே எழுந்திருப்பேன். அவர் தேடி வாங்கியதுதான் சரியான பை. இதை அவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

11 பிப்ரவரி, ஞாயிறு

இன்னும் சொல்லவில்லை. முடித்துவிட்டேன் என்று மட்டும் அன்றைக்கே சொன்னேன். “அப்படியா, நல்லது” என்றார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாய் கொடுத்ததுபோல் அவரும் கொடுத்துவிட்டாரே. பாவமாக இருந்தது. இந்த மாதக் கடைசியில் ஒரு மாத விடுப்பில் வருகிறார்.

25 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று வந்துவிட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பீடிக்காரன், நெல், குத்தூசி, நாற்றம் பிடித்த பச்சைப் பை, ஆரஞ்சை பீரோவில் வைத்தது. அவர் சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தார். கெண்டைக்கால் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

“பீடி குடிச்சிட்டு நின்னான்னியே. பயமா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. ரொம்ப.”

“எனக்கும் இருந்துச்சு. மொத வருஷம். கேம்புல கட்டில் கிடைக்கலை. ஏ.சி. மெஷினுக்குப் பின்னாடி தரையில அட்டை போட்டு ஒரு மாசம் படுத்தேன். யார் யாரோ குடிச்சிட்டு வருவான். பாஸ்போர்ட்டை வயித்துல கட்டிக்கிட்டு முழிச்சே கிடப்பேன்.”

பதினோரு வருடம். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்போது அனுப்பிய போட்டோவில் கட்டில், மெத்தை எல்லாம் இருந்ததே என்றேன். அது மேஸ்திரியின் கட்டிலாம்.

“ஏன் சொல்லலை?”

“சொல்லி? நீ அழுதிருப்ப, அவ்வளவுதான். இப்ப நீயும் வெளிய படுத்தவ. உனக்குப் புரியும்.”

நான் அழவில்லை. அவர் கையை விடவும் இல்லை.

4 மார்ச், ஞாயிறு

ரெத்தினம் அண்ணன் பச்சைப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மழையில் தீவன மூட்டைக்குப் போட. ஓட்டை இருக்கிறது என்றேன். “காத்துப் போக்குக்கு ஆச்சு” என்றார். வாய்!

22 மார்ச், வியாழன்

திருச்சி விமான நிலையத்திலிருந்து இப்போதுதான் வந்தேன்.

நேற்று அவர் பெட்டி அடுக்கும்போது டிக்கெட் மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஜோசப்ராஜ். ஒரே ஒரு பேர். ஒரு மாதமாக விசா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் ஜெயித்த பந்தயம்தான். ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்த கணத்தில், இரண்டு பேர் இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. எனக்கா இப்படித் தோன்றியது? எனக்கேதான். எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லை என்று சாதிக்கக்கூடாது.

உள்ளே போகும்முன் சொன்னார். “இன்னும் ரெண்டு வருஷம், ஜோதி. கணக்கு முடிச்சு வாங்கிக்கிட்டு நானே இங்க வந்துர்றேன். உன் வேலையை விட்டுடாத.”

தலையாட்டினேன். போலீஸ்காரர் வரிசையில் நகரச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்த்தார்.

வீடு காலியாக இருக்கிறது. ஆரஞ்சுப் பையை பீரோவிலிருந்து எடுத்து மாடியில் விரித்திருக்கிறேன். இன்று அங்கேதான் படுக்கப் போகிறேன், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.